நாலாவது வருஷம் மோட்டார் எரிஞ்சா யார் காசு?

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி, குன்னத்தூர், பெருந்துறை என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் வழியில் இது கண்ணில் படும்: மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே ஒரு சின்ன ரூம், முன்னால் காசு போடுகிற பெட்டி, இரண்டு எவர்சில்வர் குழாய், மேலே ஒரு போர்டு. 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்' என்று பெரிதாகவும், உபயம் யார் என்று அதைவிடப் பெரிதாகவும் எழுதியிருப்பார்கள். இந்தப் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சப்பைத் தண்ணி. பருப்பு வேகாது, டீ திரிந்து போகும். ஆற்றுத் தண்ணீரோ வரும்போதுதான் வரும். அதனால் ஆர்.ஓ. மெஷின் வைத்துக் கொடுப்பது கம்பெனிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ரொம்பப் பிடித்த உதவி.

இந்த ரூம்களில் பல மூடிக் கிடக்கின்றன. மெஷின் மட்டமான மெஷின் இல்லை, திறந்து வைத்த அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது. கொடுத்தவர்களும் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். மூன்று வருஷம் பராமரிப்புக்குப் பணமும் ஒதுக்கியிருந்தார்கள். அப்புறம் ஒரு நாள் ஹைபிரஷர் பம்ப்பில் காயில் போய்விட்டது. "கம்பெனிக்குப் போன் போட்டிருக்குதுங்க" என்று ஊரில் சொன்னார்கள். கம்பெனியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி வேறு வேலைக்குப் போயிருந்தார். ஷட்டர் இறங்கியது.

என் பிழைப்பு இந்த ரூம்களைச் சுற்றித்தான். உதவி செய்ய நினைக்கிற கம்பெனிகளுக்கும் டிரஸ்ட்டுகளுக்கும் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது, அப்புறம் ஊருக்குப் போய் நடக்கிறதா என்று பார்த்து வருவது. இந்த வேலையில் அடிக்கடி காதில் விழுகிற வாசகம், "எவ்வளவு செஞ்சு குடுத்தாலும் ஊர்க்காரங்களுக்கு அக்கறை இல்லீங்க" என்பது. இதை நான் ஒத்துக்கொள்வதில்லை. இதே ஊர்க்காரர்கள்தான் வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று) போட்டு, ஒரு வீடு விடாமல் வசூல் பண்ணி, பந்தல், மேளம், கம்பம், அன்னதானம் எல்லாம் நடத்தி, மிச்சத்தைக் கணக்கில் காட்டுகிறார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று லட்சக்கணக்கில் திரட்டுகிறார்கள். எந்தக் கம்பெனியும் அதற்குத் திட்ட அறிக்கை கேட்டதில்லை. அக்கறையும் இருக்கிறது, காசும் இருக்கிறது, கணக்கு வைக்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார். திட்டம் போடுகிறவர்கள்தான் இதையெல்லாம் தாண்டிப் போய், ஒரு காகிதக் கமிட்டியை உண்டாக்கி, அதன் தலையில் மெஷினை இறக்கிவிட்டு வருகிறோம்.

ஊர் தன்னால் எவ்வளவு வரி போட்டு நடத்த முடியுமோ, அந்த அளவில்தான் திட்டம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதைவிடப் பெரிதாகக் கொடுப்பது பார்க்கத் தாராளமாக இருக்கும். நாலாவது வருஷம் தெரியும்.

ஆர்.ஓ. மெஷினையே எடுத்துக்கொள்வோம். ஒரு உதாரணக் கணக்கு. ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் 120 போகிறது, கேன் 5 ரூபாய் என்றால் நாளைக்கு 600, மாசம் 18,000. காலையும் பொழுதோடும் வந்து பார்த்துக்கொள்கிற ஆளுக்கு 8,000, கரண்டுக்கு 3,500, ஃபில்டர், கெமிக்கல் வகைக்கு 1,500 போனால் 5,000 மிஞ்சும். வருஷத்துக்கு 60,000. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை உப்பைப் பிரிக்கிற மெம்பிரேன் மாற்ற வேண்டும், எப்போதாவது பம்ப் காயில் கட்ட வேண்டும். இந்த மிச்சத்திலேயே தாராளமாக முடிந்துவிடும். இப்போது அதே கேனை 2 ரூபாய்க்குக் கொடுங்கள். மாசம் 7,200. பார்த்துக்கொள்கிற ஆளின் சம்பளத்துக்கே பத்தாது. 'மக்களுக்குச் சேவை, அதனால் 2 ரூபாய்தான்' என்று திறப்பு விழா மேடையில் அறிவித்த நிமிஷமே அந்த மெஷினுக்கு நாள் குறித்தாயிற்று. மூன்று வருஷம் கம்பெனிக் காசு பள்ளத்தை மூடிக்கொண்டிருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. பிறகு விலையை 5 ஆக்கலாம் என்றால் எந்த ஊராட்சித் தலைவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு எலெக்‌ஷன் இருக்கிறது.

அதே கணக்கில் இன்னொரு ஓட்டை. மிச்சம் 5,000 எங்கே போகிறது? தனியாகப் பாஸ்புக் இல்லையென்றால் அது தெருவிளக்குக்கும் குழாய் உடைப்புக்கும் போய்விடும். தப்பான செலவு என்று சொல்ல முடியாது, ஆனால் மெம்பிரேன் மாற்றுகிற நாளில் கையில் ஒன்றும் இருக்காது. இன்னும் சின்ன விஷயம் ஒன்று, ஈபி கனெக்‌ஷன் யார் பெயரில், எந்த டாரிஃபில் என்பது. இதை நான் முதல் நாளே கேட்பேன். கொடுத்த டிரஸ்ட்டின் பெயரிலேயே கனெக்‌ஷன் இருந்து, டிரஸ்ட் விலகியதும் பில் கட்ட ஆளில்லாமல் ஃபியூஸ் பிடுங்கப்பட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களைக் கட்டியிருக்கிற கயிறு என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. 2013-ம் வருஷக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒரு அளவுக்கு மேல் பெரிய கம்பெனியாக இருந்தால், முந்தைய மூன்று வருஷ நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவழிக்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதனால் பிப்ரவரியில் போன் மேல் போன் வரும்: "ஏதாவது ஊர் இருக்குதுங்களா, உடனே செய்யற மாதிரி?" உடனே செய்கிற மாதிரி இருப்பது மெஷின், கட்டடம், ஜேசிபி. ஒரு வருஷத்துக்குள் முடியாத வேலையைத் 'தொடர் திட்டம்' என்று காட்டலாம். அதற்கும் தொடங்கிய வருஷம் போக மூன்று நிதியாண்டுதான் எல்லை. திட்டங்களெல்லாம் சொல்லி வைத்தாற்போல மூன்று வருஷத்தில் முடிவதற்கு இதுதான் காரணம். ஊரின் தேவைக்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

'சரி, பத்து லட்சத்தை பேங்கில் போட்டுவிடுங்கள், வட்டியில் மெஷின் ஓடட்டும்' என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021-ல் விதிகளைத் திருத்திய பிறகு, ஓர் அமைப்பின் மூலதன நிதிக்குக் கொடுக்கிற பணம் சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் வராது. அதே திருத்தத்தில் நல்லது ஒன்றும் இருக்கிறது. அந்தப் பணத்தில் உண்டாக்குகிற சொத்தை, பயனாளிகளின் சுய உதவிக் குழு மாதிரியான அமைப்பின் பெயரிலோ, அரசு சார்ந்த அமைப்பின் பெயரிலோ, அதற்கென்று பதிவான லாப நோக்கமற்ற அமைப்பின் பெயரிலோதான் வைக்கலாம், கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. ஆக, மெஷின் ஊருடையது. நாலாவது வருஷத்துக்கான சேமிப்பையும் ஊர்தான் சேர்க்க வேண்டும். சட்டமே அப்படித்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறது.

யார் ரிப்பேர் பார்ப்பது என்ற கேள்விக்கு நம் கோயமுத்தூரில் ஒரு பெரிய பதில் கிடைத்தது. இங்கே இருக்கிறவர்களுக்கே அது அவ்வளவாகத் தெரியாது. 1970-களின் பின்பாதியில் இந்தியா மார்க் 2 என்ற அடி பம்பு வந்தது. பள்ளிக்கூட மூலையிலும் மந்தையிலும் நாம் தொங்கித் தொங்கி அடித்த அதே பம்புதான். மகாராஷ்டிராவில் சோலாப்பூர் பம்பு என்று ஒன்று இருந்தது, அதைப் பார்த்து யுனிசெஃப் துணையோடு உருவாக்கினார்கள். அதற்கு முன்பிருந்த வார்ப்பிரும்பு பம்புகள் வீட்டு உபயோகத்துக்குச் செய்தவை; ஊரே வந்து அடித்தால் தாங்காமல் உடைந்துவிடும். மார்க் 2 தாங்கியது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பிஸ்டன் இருக்கிற சிலிண்டர் கிணற்றின் அடியில், அதிலிருந்து மேலே வருகிற பைப் சிலிண்டரைவிட ஒல்லி. உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தால்கூட அத்தனை பைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். அதற்கு வேன், கருவிகள், நாலைந்து ஆள். வேன் ஒன்றியத்திலிருந்தோ மாவட்டத்திலிருந்தோ வர வேண்டும். வருகிற வரைக்கும் பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

1983 முதல் 1988 வரை கோவை வட்டாரக் கிராமங்களில் பம்புகளை நட்டு, எது எப்போது பழுதாகிறது, யார் சரி செய்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வந்தார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உலக வங்கி, யுனிசெஃப், நம் குடிநீர் வடிகால் வாரியம் எல்லாம் சேர்ந்து நடத்திய சோதனை. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டதும் பழுதுகள் குறைந்தன. பெரிய மாற்றம் பைப்பில். சிலிண்டரைவிடப் பைப் அகலமாக இருந்தால், பைப்பை அசைக்காமல் பிஸ்டனை மட்டும் மேலே உருவிவிடலாம். வேன் வேண்டாம், பைக்கில் ஒரு மெக்கானிக் வந்து, ஊரில் ஒருவர் கை கொடுத்தால் போதும். அதுதான் மார்க் 3.

இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடுகிற பகுதி அதன் பிறகு நடந்தது. மார்க் 3 பெரிதாகப் பரவவில்லை. அகலப் பைப்புக்கு விலை அதிகம், கனமும் அதிகம். வாங்குகிற துறைக்கு வாங்குகிற நாளின் விலைதான் கண்ணுக்குத் தெரியும், ரிப்பேர் செலவு வேறொரு கணக்குத் தலைப்பில் வேறொரு வருஷத்தில் வரும். மார்க் 2-தான் தொடர்ந்து வாங்கப்பட்டது. அதுவும் போக, நம் பக்கத்தில் நிலத்தடி நீர் கீழே கீழே போய், ஆயிரம் அடி போர் சாதாரணமாகிவிட்டது. அவ்வளவு ஆழத்துக்கு எந்த அடி பம்பும் எட்டாது. ரிப்பேரை எவ்வளவு நன்றாகத் திட்டமிட்டாலும் தண்ணீர் அங்கே இருக்க வேண்டும் அல்லவா.

இந்தப் பாடத்தை இன்றைக்குச் சோலார் பம்புகளில் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறோம். கோவை பம்புக்குப் பேர் போன ஊர். சுற்று வட்டாரத்தில் எந்தச் சின்ன டவுனிலும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை இருக்கும். காலையில் கொடுத்தால் அவசரம் என்று சொல்லி அன்றைக்கே வாங்கிவிடலாம். ஆனால் சோலார் பம்ப்பின் கன்ட்ரோலர் போர்டு போனால் அந்தக் கடைக்காரர் கையை விரிக்கிறார். சர்வீஸ் இன்ஜினியர் வெளியூரிலிருந்து வர வேண்டும். வேன் வரட்டும் என்று அன்றைக்குக் காத்திருந்த மாதிரியேதான். பக்கத்து டவுனில் உதிரி பாகம் கிடைக்கிற, பக்கத்து டவுன் ஆள் பிரித்து மாட்டத் தெரிந்த சாமானை மட்டும் வாங்குங்கள் என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் போடுகிறேன். வாங்குகிற கமிட்டிகளுக்கு இது பிடிப்பதில்லை, புதுசாக எதுவும் இல்லையே என்கிறார்கள்.

நோம்பி வரிக்கு வருவோம். அதில் என்னதான் இருக்கிறது? முதலில் ஒரு பட்டியல். இத்தனை தலைக்கட்டு, இன்னின்னார் என்று ஊருக்கே தெரியும். இரண்டாவது, கெடு. நோம்பி தொடங்குகிற பூச்சாட்டுக்கு முன்னால் கட்டிவிட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: நோம்பி முடிந்து சில நாளில் கோயில் முன்னால் உட்கார்ந்து வரவு செலவை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள்.

குன்னத்தூர்ப் பக்கம் ஓர் ஊரில் தண்ணீர்க் கணக்கையும் அதே இடத்தில் வாசிப்பது என்று முடிவு பண்ணினார்கள். ஒரு வருஷம் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவுக்கு 140 ரூபாய் என்று வாசித்ததும் ஓர் அப்புச்சி எழுந்தார். "ஏனப்பா, அது எங்கூட்டுப் பையன் தொண்ணூறுக்கு வாங்கியாந்தான், இதெப்படி நூத்தி நாப்பது?" டப்பா பெரிய டப்பா என்று பொருளாளர் சொன்னார். பெரிய டப்பா எதற்கு, ஒரு ஜாயின்ட்டுக்கா என்று இவர். மிச்சச் சொல்யூஷன் எங்கே என்று வேறொருவர். ஒருத்தர் வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து காட்டிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரிக்கு இது வீண் சண்டையாகப் பட்டது. எனக்கு அங்கிருந்த சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ரிப்போர்ட்டைவிட இது மேல் என்று தோன்றியது. 140 ரூபாய்க்கே இத்தனை கேள்வி என்றால் 14,000-த்தை யாரும் சும்மா எடுத்துவிட முடியாது.

அதற்காக எல்லாத் திட்டத்தையும் கோயில் கமிட்டியிடம் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள். பல ஊர்களில் அருந்ததியர் தெருவிலிருந்து நோம்பிக்கு வரியே வாங்குவதில்லை. வாங்காததைச் சலுகை மாதிரி சொல்வார்கள். வரி இல்லாவிட்டால் கணக்குக் கேட்கிற உரிமையும் இல்லை என்பதுதான் அதன் உள்ளர்த்தம். பெண்கள் பணம் கட்டுவார்கள், கணக்கு வாசிக்கும்போது ஓரமாக நிற்பார்கள். திருப்பூரை ஒட்டிய ஊர்களில் லைன் வீடுகளில் குடியிருக்கிற பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், தென் மாவட்டத்துக்காரர்கள், ஒடிசா, பீகார்க்காரர்கள் யாரும் தலைக்கட்டு இல்லை. ஆனால் தண்ணீர் குடிக்கிறவர்களில் பாதிக்கு மேல் அவர்களாகவே இருக்கும் ஊர்களும் உண்டு. பழைய ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் அதன் சுவர்களும் சேர்ந்தே வரும். கோடையில் பிரஷர் குறைந்தால் எந்தத் தெருக் குழாய் முதலில் காயும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் நான் கேட்பது ஊரின் பழக்கத்தை, ஊரின் கமிட்டியை அல்ல. பட்டியல் போடுகிற, கெடு வைக்கிற, சத்தமாக வாசிக்கிற பழக்கம் வேண்டும். பட்டியலில் குடியிருக்கிற எல்லா வீடும் வர வேண்டும், வாடகை வீடு உள்பட. அருந்ததியர் தெருவிலும் அதே கட்டணம் வாங்கி அதே ரசீது கொடுக்க வேண்டும். ஏழைகளிடம் வாங்குவதா என்று நகரத்திலிருந்து வருகிற நல்ல மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தத் தெருப் பெண்கள் சொன்னது வேறு: "காசு குடுத்தாத்தானுங்க நாங்களும் போய் சத்தம் போட முடியும்." கணக்கைக் கோயில் முன்னால் வாசித்தால் எல்லாரும் வர முடியாத ஊராக இருந்தால் பள்ளிக்கூடத்தில் வாசிக்கலாம்.

பெண்கள் குழுக்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தின் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. தர்மபுரியையும் கொங்கில் சேர்க்கலாமா என்பது ஒரு தனிச் சண்டை, அது கிடக்கட்டும். 1992-ல் விவசாயத்துக்கான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கிற வேலையைச் சோதனையாக ஆரம்பித்தது. அந்த வெளிநாட்டு நிதி நின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. குழுக்கள் இருக்கின்றன. காரணம், பெட்டியில் இருந்தது அவர்கள் சந்தா. வெளியிலிருந்து வந்தது பயிற்சியும், நோட்டு எழுதச் சொல்லிக் கொடுத்த அக்காவும்தான். மானியக் கடன் வருகிறது என்று கேள்விப்பட்டு அவசரத்தில் பெயர் சேர்த்த குழுக்கள் கடன் வந்த கையோடு கலைந்ததையும் எல்லா ஊரிலும் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிக் குழுக்கள்தான்.

ஊர் தானே சம்பாதிக்கிற வழி இருந்தால் இன்னும் உத்தமம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைப் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006-ல் உடுமலை மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, கடனை அடைத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மில்காரர்கள் மட்டும்தான் காசாக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய விஷயம். எல்லாரும் காற்றாலையைப் போட்டோ எடுக்கிறார்கள். நான் அந்த 40 லட்சத்தைப் பார்க்கிறேன். வீட்டு வரி, தண்ணீர் வரி ஒழுங்காக வசூலாகாத ஊராட்சியிடம் அந்தச் சேமிப்பு இருந்திருக்காது, வங்கியும் கடன் கொடுத்திருக்காது.

எல்லா ஊருக்கும் காற்றாலை கிடைக்காது. ஆனால் சின்ன வருமானங்கள் உண்டு. குளத்து மீன் பாசி ஏலம், ரோட்டோரப் புளியமரத்து மகசூல் ஏலம். நம் பக்கம் குளம் தூர் வாருகிற திட்டங்கள் ஏராளம். இரண்டு நாள் ஜேசிபி விட்டுச் சீமைக் கருவேலத்தைப் பிடுங்கி, கரையில் போர்டு நட்டு, விழா எடுத்துவிட்டுப் போவார்கள். அடிக்கட்டையில் உயிர் இருந்தாலே அது துளிர்க்கும். ஆடு காயைத் தின்று போடுகிற புழுக்கையில் விதை முளைக்கும். இரண்டு மழைக்குள் பழையபடி காடு. வருஷம் ஒரு முறை ஐந்தாறு ஆளை விட்டுக் குருத்திலேயே பிடுங்கினால் போதும், அதற்கு மீன் ஏலத்தில் ஒரு பங்கு தாராளம். ஆனால் அந்தப் பங்கு குளத்துக்கே என்று ஊராட்சித் தீர்மானத்தில் எழுதி வாங்க வேண்டும், ஜேசிபி வருவதற்கு முன்னால். வந்து போன பிறகு எழுத மாட்டார்கள்.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்த பிறகு இந்தப் பேச்சுக்கு அவசரம் கூடியிருக்கிறது. ஆறு நீரேற்று நிலையங்கள், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள், 1,916 கோடி ரூபாய். பவானியின் உபரி நீர் பைப்பில் வந்துவிடும். வந்த நீர் குளத்தில் நிற்பது அந்தந்த ஊரின் கையில். கரை உடைந்திருந்தால், மதகு பழுதாக இருந்தால், அதற்கென்று யாரும் இன்னொரு 1,916 கோடி கொண்டுவரப் போவதில்லை. ஒரு வேடிக்கை: இந்தத் திட்டத்துக்காக அறுபது வருஷம் நடந்த போராட்டத்துக்கு எந்த நிதி நிறுவனமும் பணம் கொடுக்கவில்லை. தலைமுறை மாறி மாறி நடத்தினார்கள். நம் வட்டாரத்தில் வெளி நிதி இல்லாமலும் நிற்காத ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

எல்லாமே நிலைத்து நிற்க வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. ஆற்றுத் தண்ணீர் நாள் தவறாமல் வீட்டுக் குழாயில் வருகிற ஊரில் ஆர்.ஓ. ரூம் மூடிக்கொண்டால் அது நல்ல செய்தி. கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பொழுதோட நடத்திய டியூஷன் சென்டர்கள் பல, 2021-ல் அரசின் இல்லம் தேடிக் கல்வி வந்ததும் அதற்குள் கரைந்தன. யாரும் அழத் தேவையில்லை. மூடுகிற போது என்னவாகும் என்று மட்டும் முதலிலேயே பேசி வைத்தால் போதும்: மெஷின் யாருக்கு, மிச்சக் காசு எந்தக் கணக்குக்கு, வேலை பார்த்த அம்மாவுக்கு எத்தனை மாசம் முன்னால் சொல்வது.

திட்டம் போடும்போது நான் வற்புறுத்துகிற ஒரே ஏற்பாடு பணம் குறைகிற வரிசை. முதல் வருஷம் கம்பெனி முழுதாகக் கொடுக்கட்டும். இரண்டாவது வருஷம் ஓட்டுகிற செலவில் பாதி. மூன்றாவது வருஷம் ஒரு பைசா கொடுக்கக் கூடாது, ஆனால் ஆள் மாசா மாசம் வர வேண்டும். ஊர் தன் காசில் ஓட்டுகிற முதல் வருஷத்தில்தான் எல்லாக் கோளாறும் வெளியே வரும். வசூல் நிற்கும், பொருளாளருக்கும் தலைவருக்கும் பேச்சு வார்த்தை அறும், மோட்டார் எரியும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்க ஒருவர் வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. கடைசி மாசம் வரைக்கும் முழுப் பணமும் கொடுத்துவிட்டு, மறுநாள் ஆளும் பணமும் சேர்ந்து காணாமல் போகும்.

இப்போது பெருந்துறைக்குத் தெற்கே ஓர் ஊரில் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊருக்கு ஒரு ஆர்.ஓ., அதிலிருந்து அருந்ததியர் தெருவுக்குத் தனி லைன் இழுத்து அங்கேயும் குழாய். கேன் 5 ரூபாய் என்பதில் எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று. தனிப் பாஸ்புக்குக்கும் சரி என்றார்கள். சிக்கியிருப்பது சாவியில். ரூம் சாவியில் ஒன்று தங்கள் தெருக் குழுவிடம் இருக்க வேண்டும், பாஸ்புக்கில் இரண்டாவது கையெழுத்தும் தங்கள் தெருப் பெண் ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "நோம்பி முடியட்டுங்க, சித்திரை பொறந்து பேசிக்கலாம்" என்றிருக்கிறார்கள்.

கம்பெனி மார்ச் 31-க்குள் ஒப்பந்தம் கேட்கிறது. சாவியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லலாமா என்று அங்கே ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். தொடர் திட்டமாகக் காட்டினால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் அதற்கான தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி வைக்க விதி இடம் தருகிறது, அந்த விதியையும் சேர்த்து அனுப்பினேன். அவர்கள் போர்டு கூட்டத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். நோம்பிக்கு அழைப்பு வந்திருக்கிறது, அந்த வாரம் ஊருக்குள் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.